தழும்பின் ஓரம் முளைத்த கொம்பு

ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குத் தரகர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். முகத்துக்கு நேரேதான் கூப்பிடுவார்கள், அவரும் மேடையேறி வாங்கிய பட்டம்போல அதை வாங்கிக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் செய்துவருவது ஈஸ்ட்டுக்குக் கல்யாணம். ரொட்டி மாவை உப்ப வைக்கிறதே, அதே ஈஸ்ட்தான். வெறுங்கண்ணுக்குத் தெரியாத அந்த உருண்டைகளுக்கு ஜோடி பார்த்து, ஒரே தட்டில் விட்டு, பிறகு என்ன நடக்கிறது என்று மைக்ரோஸ்கோப் வழியாக எட்டிப் பார்ப்பதற்கு மாதா மாதம் சம்பளம் வாங்கினார். இதைவிட வெட்கங்கெட்ட உத்தியோகம் உலகத்தில் இருக்காது என்பது அவர் மனைவியின் கருத்து.

விஷயம் இதுதான். ஈஸ்ட்டில் ஏ என்று ஒரு வகை, ஆல்ஃபா என்று ஒரு வகை. ஆண், பெண் என்று சொல்லிவிட முடியாது, பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான். காலும் கிடையாது, வாலும் கிடையாது, இருந்த இடத்தை விட்டு இம்மியும் நகராது. ஆனால் ஒவ்வொரு வகையும், தன் ஜோடி வகைக்கு மட்டும் உறைக்கிற ஒரு வாசனையைக் கசியவிடும். அது பட்டதும் எதிர்த்தரப்பு செல் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிடும். அதுவரை மொட்டு விட்டு மொட்டு விட்டு மகள் செல்களைப் பெற்றுத் தள்ளிக்கொண்டிருந்தது, அதையெல்லாம் நிறுத்திக்கொண்டு, வாசனை எந்தப் பக்கம் கூடுதலாக வருகிறது என்று பார்த்து அந்தப் பக்கமாக ஒரு கொம்பை நீட்டும். எதிர்ப்பக்கமிருந்தும் ஒரு கொம்பு வரும். இரண்டும் தொட்டுக்கொண்டால் கல்யாணம் முடிந்தது. அழைப்பிதழ் இல்லை, சாப்பாடு இல்லை, எனக்கு ஏன் முதலில் சொல்லவில்லை என்று முறுக்கிக்கொள்ள ஒரு சித்தப்பா இல்லை.

இதை நான் ஒரு பத்தியில் சொல்லிவிட்டேன். தரகர் சொன்னால் ஒரு சாயங்காலம் போய்விடும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வார், முடி வெட்டுகிறவரிடம் சொல்வார், சமையல் வாயு கொண்டுவந்தவரை வாசலில் நிறுத்தி வைத்துச் சொல்வார். பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோது மட்டும் சொல்லவில்லை, வாய்க்குள் கருவி இருந்தது. கருவியை வெளியே எடுத்ததும் ஆரம்பித்தார். கடைசியில் எப்போதும் ஒரே வாக்கியத்தில்தான் கொண்டுவந்து முடிப்பார்: "மூக்கும் கிடையாது, மூளையும் கிடையாது, ஆனா ஜோடி எந்தப் பக்கம்னு அதுக்குத் தெரியுது. நமக்கு ரெண்டும் இருக்கு, என்ன பிரயோஜனம்?" சொல்லிவிட்டுக் கேட்டவர் முகத்தைப் பரிதாபமாகப் பார்ப்பார். தன் முகத்தைப் பார்த்துக்கொள்ள ஏனோ அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவருக்கு ஒரே மகள். லிஃப்ட் கம்பெனியில் பழுதுபார்க்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். எங்கே லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் அவளுக்குத்தான் அழைப்பு வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே ஆட்களை அனுப்பி, கதவைத் திறக்க வைப்பாள். அப்படி ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் நின்றுபோனது. உள்ளே ஒரே ஒரு ஆள், இரவுப் பணி முடிந்து கீழே இறங்கிய நர்ஸ். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. "பயப்படாதீங்க, வந்துட்டே இருக்கோம்" என்று இவள் சொன்னாள். "நீங்க பேசிட்டே இருந்தா பயமில்ல" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். இவள் பேசிக்கொண்டே இருந்தாள், பேசிக்கொண்டே நேரிலும் போய்ச் சேர்ந்தாள். கதவைத் திறந்து பார்த்தால் அந்த மனுஷன் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தரையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அங்கே பிடித்தது.

சில மாதம் கழித்து மகள் அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தாள். பையன் இரண்டு இரவு தொடர்ந்து பணி பார்த்துவிட்டு, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருந்தான். நல்ல பையன், கேட்டதற்குப் பதில் சொன்னான், தட்டில் வைத்ததைச் சாப்பிட்டான். தரகருக்கு இதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. புதிதாக இரண்டு காது கிடைத்திருக்கிறது என்பது மட்டும்தான் பட்டது. முதல் கவளத்திலேயே ஈஸ்ட்டைத் தொடங்கினார். கைதுடைக்கும் காகிதத்தில் வட்டம் வட்டமாக வரைந்தார். ஏ இங்கே, ஆல்ஃபா அங்கே, வாசனை இப்படி. பையன் கண்ணை அகல விரித்து விரித்துப் பார்த்தான், கன்னத்தைக் கிள்ளிக்கூடப் பார்த்துக்கொண்டான். தரகர் கொம்புக்கு வந்து, குரலை உயர்த்தி, மூக்கும் கிடையாது மூளையும் கிடையாது என்று ஆரம்பித்த அந்த நேரத்தில் பையனின் மோவாய் நெஞ்சில் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மெல்லிய குறட்டை வந்தது.

மனைவி சிரித்துவிட்டாள். அதுதான் தரகருக்குப் பொறுக்கவில்லை. அத்தனை வருடத்தில் அவர் பேச்சுக்கு எழுந்து போனவர்கள் உண்டு, கைபேசியை நோண்டியவர்கள் உண்டு, அடுத்த நிறுத்தத்தில் அவசரமாக இறங்கியவர்கள் ஏராளம். எதிரில் உட்கார்ந்து, அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, குறட்டை விட்டவன் யாரும் இல்லை.

பையன் போனதும் தீர்ப்பு வந்தது. "சிக்னல் கொடுத்தா பதில் வரணும். பதில் வராத செல்லை நாங்க தட்டுல வைக்க மாட்டோம், கழுவி ஊத்திடுவோம்."

"அவர் ரெண்டு ராத்திரியா தூங்கலப்பா" என்றாள் மகள்.

"நானும்தான் தூங்கல, ஆராய்ச்சி பண்றப்போ. யார் மடியிலயாவது விழுந்தேனா?"

மகள் சண்டை போடவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள், குழாயைத் திறந்துவிட்டாள், ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. திரும்பி வந்து "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அந்தப் பையனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அப்பா என்றால் அவளுக்கு உயிர், அவர் பேச்சையும் சேர்த்துத்தான். அந்த உயிரை அவர் எதற்கு உபயோகப்படுத்தினார் என்று பார்த்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

இரண்டு வருடம் போனது. ஒருநாள் மகளுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது என்பது திடீரென்று அவர் மண்டையில் உறைத்தது. அதே சமயத்தில் ஆராய்ச்சிக்கூடத்திலும் அவர் தலையில் ஒரு பிரமாதமான யோசனை உட்கார்ந்திருந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

யோசனை என்னவென்றால், ஏ வகை செல்லுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. ஜோடியின் வாசனைக்காக ஏங்குகிற அதே செல், அந்த வாசனையை மென்று தீர்க்கிற ஒரு புரதத்தையும் வெளியே விடும். ஏன் இப்படி? கண்ட வாசனையெல்லாம் வந்து சூழ்ந்துகொண்டால் திசை தெரியாது, வேண்டாததைக் கழித்தால்தான் ஜோடி இருக்கும் பக்கம் தெளிவாகத் தெரியும் என்று புத்தகங்கள் சொல்லின. தரகர், அந்தப் புத்தகம் எழுதினவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது என்றார். அவர் கணக்குப்படி அந்தப் புரதம், நல்ல காரியம் நடக்கிற வீட்டில் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் அத்தை. எனவே அந்தப் புரதத்தைச் செய்கிற மரபணுவையே வெட்டி எறிந்துவிட்டு ஒரு புது ரகம் உண்டாக்கினார். தட்டின் வலது ஓரம் ஆல்ஃபாக்களை விட்டார், போதாததற்கு வாசனையைத் தனியாகவும் கொட்டினார். எல்லா செல்லும் வேலையை நிறுத்தியது. எல்லா செல்லுக்கும் கொம்பு முளைத்தது. தரகர் தாளம் போடாத குறை. "தடையை எடு, வாசனையைக் கொட்டு, காரியம் தானா நடக்கும்" என்று வராண்டாவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வருடாந்தரக் கூட்டத்தில் இதைத்தான் பேசப் போவதாக அறிவிப்பும் ஒட்டியாகிவிட்டது.

வீட்டிலும் இதே சூத்திரம்தான். இருக்கிற எல்லாத் திருமணச் செயலிகளிலும் மகள் படத்தை ஏற்றினார். முடி வெட்டுகிறவர், பல் டாக்டர், பேருந்தில் அகப்பட்டவர் என்று ஒருவரையும் விடவில்லை. போன்கள் வந்து குவிந்தன. முதலில் வீட்டு எண்ணைத்தான் கொடுத்திருந்தார். மனைவி எடுத்து இரண்டு கேள்வி கேட்டு, பத்துக்கு எட்டை அங்கேயே கத்தரித்துவிடுவாள். "இது தேறாதுங்க, வேற இடம் பாருங்க" என்று மரியாதையாக வைத்துவிடுவாள். ஒருநாள் இது தரகருக்குத் தெரிந்துபோனது. அன்றே எல்லா இடத்திலும் எண்ணை மாற்றித் தன் எண்ணைக் கொடுத்தார். தடை நீங்கியது என்று திருப்தி.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் ஒரு மாப்பிள்ளை. பெயரைக் கேட்பதற்கு முன்னால் சம்பளத்தைக் கேட்டவன் ஒருத்தன். அம்மா கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் தவிர வேறெதிலும் குடிக்காதவன் ஒருத்தன். தான் சேர்த்து வைத்திருக்கிற பேனாக்களின் படத்தைக் காட்டியே ஒரு சாயங்காலத்தைத் தீர்த்தவன் ஒருத்தன். எல்லோருக்கும் மகள் தேநீர் கொடுத்தாள், எல்லோர் பேச்சையும் கேட்டாள், எல்லோரும் போனபிறகு "பார்க்கலாம்ப்பா" என்று ஒரே பதிலைச் சொன்னாள். தரகர் அதைக் கொம்பு முளைப்பதற்கான முதல் அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்.

முளைத்தது என்னவோ நிஜம்தான். அந்தப் பேனாக்காரன் வந்துபோன வாரத்திலிருந்து ஆஸ்பத்திரி லிஃப்ட் கெட்டுப்போகத் தொடங்கியது. அதே பழைய ஆஸ்பத்திரி. உலகத்தில் அந்த லிஃப்டைப் போல் கெட்டுப்போன லிஃப்ட் இருக்காது. திங்கள் கெடும், புதன் கெடும், வெள்ளி கெட்டே தீரும். மகள் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு பழுது பார்க்கப் போனாள், பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வாசல் காவலாளிக்குத் தெரிந்தது, துணி தேய்க்கிறவருக்குத் தெரிந்தது, எதிர்வீட்டுக் குழந்தைக்குக்கூட ஓரளவு தெரிந்தது. சிக்னலை மோப்பம் பிடிக்கச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆளுக்கு மட்டும் தெரியவில்லை. "எவ்வளவு மட்டமான பராமரிப்பு, நோயாளிங்க கதி என்ன ஆகிறது" என்று அவர் அந்த ஆஸ்பத்திரிக்குக் கண்டனம் தெரிவித்தார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு புடவை மடிப்பைச் சரிசெய்தாள்.

அடுத்து வந்தது வங்கி மேலாளரின் மகன். தரகர் ஒரு மணி நேரம் பேசியும் அசையாமல் உட்கார்ந்து தலையாட்டினான். போதாதா? மனைவியைக் கேட்கவில்லை, மகளைக் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து நாள் குறிக்கலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மகள் கேட்டுவிட்டு உள்ளே போனாள். இனி அவளுக்கு இரண்டே வழிதான். ஒன்று, அப்பாவிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இல்லையென்றால் சொல்லாமலே போய்விட வேண்டும். அவள் இரண்டாவது வழியில் பாதி தூரம் போய்விட்டாள் என்பது அம்மாவுக்குத் தெரியும். மகளை இழக்கப் போகிறார் என்ற சுரணையே இல்லாமல் மனுஷன் ஞாயிற்றுக்கிழமைக்குப் புது நாற்காலி வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம், ஆராய்ச்சிக்கூடத்தில். படங்களை அளந்து பார்க்கிற சக விஞ்ஞானி ஒரு அம்மாள் உண்டு. தரகரோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர், அவர் பேச்சைப் பாதியில் வெட்டக்கூடிய ஒரே ஆள். தட்டுப் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார்.

"ஜோடி வலது பக்கம் இருக்கு சார். உங்க ஆளுங்க பாதிப் பேர் இடது பக்கச் சுவத்தைப் பார்த்துக் கொம்பு நீட்டியிருக்காங்க."

"வாசனை சுவத்துல பட்டுத் திரும்பி வருது மேடம்."

"அது என்ன பந்தா, பட்டுத் திரும்பறதுக்கு?"

"அப்ப கிழட்டு செல்லா இருக்கும். வயசானா திசை தடுமாறும்."

"வயசு பார்க்கத்தான் வழி இருக்கே, பாருங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் சாப்பிடப் போய்விட்டார்.

வழி இருந்தது. ஈஸ்ட் செல்லிலிருந்து ஒவ்வொரு மகள் செல்லும் பிரிந்து போகும்போது, பிரிந்த இடத்தில் ஒரு வட்டத் தழும்பு நின்றுவிடும். ஒரு சாயத்தை விட்டால் தழும்புகள் நீலமாக ஒளிரும், எண்ணிப் பார்த்து வயதைச் சொல்லிவிடலாம். படக்கார அம்மாளின் வாயை அடைக்க வேண்டும் என்ற ஒரே வெறியில் தரகர் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுச் சாயம் கலந்தார், ஸ்லைடு போட்டார், விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை வைத்தார்.

கிழட்டு செல் ஒன்றும் இல்லை. எல்லாம் ஒன்றிரண்டு தழும்போடு இருந்த இளசுகள். ஆனால் தழும்பு இருந்த இடம்தான் அவரை உலுக்கிவிட்டது. எந்தச் செல்லை எடுத்தாலும், கடைசித் தழும்பை ஒட்டினாற்போலத்தான் கொம்பு கிளம்பியிருந்தது. தழும்பு இடது பக்கம் இருந்தால் கொம்பும் இடது பக்கம். தழும்பு கீழே இருந்தால் கீழே. வலது ஓரத்தில் அத்தனை ஆல்ஃபா வாய்பிளந்து காத்திருக்க, ஒன்றுகூட அவர்களைச் சட்டை செய்யவில்லை. ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். எல்லா இடத்திலும் அதே நீல வளையம், அதன் பக்கத்தில் கொம்பு.

வயதான அந்தப் புத்தகக்காரர்கள் இதையும் எழுதித்தான் வைத்திருந்தார்கள். நாலா பக்கமும் ஒரே அளவில் வாசனை அடித்தால் செல்லுக்குத் திசை புரியாது. ஆனால் சும்மாவும் இருக்க முடியாது, கொம்பை எங்கேயாவது நீட்டித்தான் ஆக வேண்டும். அப்போது அது தன் பழைய தழும்பின் ஓரத்திலிருந்து கிளம்பிவிடும். படித்தவர்தான், பரீட்சைக்கும் எழுதியவர்தான். பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

அந்த நேரத்தில் கைபேசி முனகியது. மகளிடமிருந்து செய்தி. "ஆஸ்பத்திரி லிஃப்ட் மறுபடியும் நின்னுடுச்சுப்பா. வர லேட்டாகும்."

கண்ணில் இன்னும் நீல வளையம் மிதந்துகொண்டிருந்தது. அதோடேயே செய்தியை ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். ஆஸ்பத்திரி. திங்கள், புதன், வெள்ளி. புதுச் செருப்பு. சமையலறையில் அன்றைக்கு வெகுநேரம் ஓடிய தண்ணீர். அவர் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. அந்தத் தூங்குமூஞ்சி மேல், லிஃப்ட் கம்பெனி மேல், புத்தகம் எழுதிய கிழவர்கள் மேல், யார் மேல் என்று இல்லாமல் வந்தது. கோபம் வடிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு நாள் அவள் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று யோசித்தார், அதற்கு விடையும் உடனே தெரிந்துவிட்டதால் மேலே யோசிக்கப் பயந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த லிஃப்ட் நிஜமாவே கெட்டுப் போயிருக்கா?" என்று கேட்டார்.

மனைவி கையிலிருந்த துண்டை மடியில் வைத்தாள். "இப்பவாவது கேட்டீங்களே. அது நல்லாத்தான் ஓடுது. உங்களுக்குத்தான் கரண்ட் போயிடுச்சு."

"எத்தனை நாளா?"

"பேனாக்காரன் வந்த நாள்லருந்து."

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கு, காவல்காரருக்கு, துணி தேய்க்கிறவருக்கு. தெரியாதது யாருன்னு கேளுங்க, சுலபமா சொல்லிடலாம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்களே."

"வரட்டும், நீங்களும் நானும் தேநீர் குடிக்கலாம். அவ சனிக்கிழமையே கிளம்பறா. திங்கக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து. அதுக்கப்புறம் உங்களுக்குப் போன்ல சொல்றதா இருக்கா."

தரகர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "நேர்ல சொன்னா நான் வேணாம்னு சொல்லிடுவேன்னு பயந்தாளா?"

"வேணாம்னு சொன்னாக்கூடப் பரவாயில்லன்னுதான் சொன்னா. சொல்ல ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்களேன்னு பயந்தா" என்றாள் மனைவி. "அந்த ஈஸ்ட்டுக்குக் கொம்பு முளைக்குதோ இல்லையோ, உங்களுக்கு எப்பவோ முளைச்சாச்சு. வர்ற போனை எல்லாம் நான் கழிச்சுக் கட்டிட்டு இருந்தேன். அதையும் பிடுங்கிக்கிட்டீங்க. வாரம் ஒருத்தனைக் கொண்டுவந்து நிறுத்தினா அந்தப் பொண்ணு எங்கதான் போவா?"

 கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மனைவி பேசி முடித்து அவர் பதில் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கே கொஞ்சம் பயமாகப் போய்விட்டது, எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பொழுது சாய்ந்து மகள் வந்தாள். கருவிப் பையை வாசலில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். அப்பா முகத்தையும் அம்மா முகத்தையும் பார்த்தாள், விஷயம் உடைந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். தரகர் வழியெல்லாம் ஒரு பெரிய பேச்சைத் தயார் செய்து வந்திருந்தார். தழும்பு, திசை, தந்தை மனம் என்று மூன்று பாகம். அவளைப் பார்த்ததும் அதில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

"உனக்கு அவனையே... ரெண்டு வருஷமா மறக்கவே இல்லையாம்மா?"

"மறந்துட்டேன்ப்பா. நிஜமாவே மறந்துட்டேன்" என்றாள் மகள். "நீங்க அத்தனை பேரைக் கொண்டுவந்து காட்டலேன்னா எனக்கு அவர் ஞாபகமே வந்திருக்காது. வர்றவன் எல்லாம் அவனவன் பேச்சைப் பேசறான். யாரைப் பார்த்தாலும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சு. அன்னைக்குப் பேனாக்காரன் போனப்புறம் போய் அவருக்குப் போன் பண்ணிட்டேன்."

 வெட்டி எறிந்த மரபணு, கொட்டிய வாசனை, எல்லாம் அவர் கைவேலை. கேட்கத் தெரியாமல் ஒன்றைக் கேட்டார். "இன்னும் தூங்குறானா?"

மகள் முகம் இறுகியது. "வார்டுல ராத்திரி முழுக்க ஒரு நிமிஷம் கண்ணை மூட மாட்டார். ஒரு மெஷின் சத்தம் லேசா மாறினா எந்தப் படுக்கைன்னு சொல்லிடுவார். அவங்க வீட்டுலகூட அவருக்குச் சரியா தூக்கம் வராது. பயமில்லாத இடத்துலதான்ப்பா அவர் தூங்குவார். நான் பேசிட்டு இருந்தப்போ தூங்கினார், நீங்க பேசிட்டு இருந்தப்போ தூங்கினார். இந்த வீட்டை நம்பித் தூங்கினவரைத்தான் நீங்க கழுவி ஊத்தச் சொன்னீங்க."

 தரகர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "திங்கக்கிழமை நான் வரலாமா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா துணியைப் பார்த்தாள். "வாங்கப்பா. ஆனா பேசக் கூடாது."

மறுநாள் வங்கி மேலாளருக்கு அவரே போன் செய்தார். எடுத்ததும் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டார். அந்த மேலாளர் பின்னால் எல்லோரிடமும் சொன்னது, சம்பந்தம் கைவிட்டுப்போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அந்த ஆள் அத்தனை சீக்கிரம் போனை வைத்ததைத்தான் நம்ப முடியவில்லை என்று. பிறகு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய், வருடாந்தரக் கூட்ட அறிவிப்பைக் கிழித்துவிட்டு, தலைப்பை மாற்றி வேறு ஒட்டினார். படக்கார அம்மாள் அதைப் படித்தார், உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்து முடிந்து, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் நீளமான ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இரண்டு வீட்டாரும், பையனோடு வார்டில் வேலை பார்க்கும் நாலைந்து நர்ஸுகளும். பையன் அன்று காலைதான் பணி முடிந்து வந்திருந்தான், கல்யாணத்துக்குக்கூட ஆஸ்பத்திரி அவனுக்கு முந்தைய இரவு விடுப்புக் கொடுக்கவில்லை. மாமனாரைப் பார்த்து எழுந்து நின்றான். தரகர் அவன் தோளைத் தொட்டு உட்கார வைத்தார், வாயைத் திறக்கவில்லை. சூப் வந்தது, திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த நர்ஸ் ஒருத்தி, "சார் என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டாள். மேசை முழுவதும் அப்படியே நின்றது. தரகர் நெற்றி வியர்த்தது. "அரசாங்க உத்தியோகம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அந்த நர்ஸுக்கு அவர் முகம் போன போக்கு சரியாகப் படவில்லை, நாடியைப் பிடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள்.

மகளுக்கே பொறுக்கவில்லை. "போதும்ப்பா, சொல்லுங்க. உங்களுக்கு மூச்சு முட்டுது."

"வேணாம்மா."

"நான்தான் சொல்றேன்ல. சொல்லுங்க."

தரகர் மனைவியைப் பார்த்தார். அவள் போனால் போகட்டும் என்பதுபோலக் கையை அசைத்தாள். கைதுடைக்கும் காகிதத்தை எடுத்தார், பேனாவைத் திறந்தார், வட்டம் போட்டார். ஏ இங்கே, ஆல்ஃபா அங்கே. முதலில் தயங்கித் தயங்கி வந்தது, பிறகு பழைய வேகம் பிடித்தது. இந்தத் தடவை தழும்பும் சேர்ந்துகொண்டது. வெட்டிய மரபணுவையும், சுவரைப் பார்த்து நீண்ட கொம்பையும், தான் உளறியதையும் ஒளிக்காமல் சொன்னார். நர்ஸுகள் சிரித்தார்கள். படத்தில் கொம்பை நீட்டிக்கொண்டே போய், கடைசியில் தன் வாக்கியத்துக்கு வந்து சேர்ந்தார். நிமிர்ந்து, மூச்சை இழுத்து, "மூக்கும் கிடையாது, மூளையும்..." என்று ஆரம்பித்தார்.

எதிரே மாப்பிள்ளையின் தலை சாய்ந்துவிட்டது. மகள் தோளில் கன்னம் பதிந்து, வாய் லேசாகத் திறந்து, மெல்லிய குறட்டை.

 மகள் அசையவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவியின் கரண்டி பாதி வழியில் நின்றது.

தரகர் கொஞ்ச நேரம் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை. தட்டுகளை எடுக்க வந்த பரிமாறுகிறவரைக் கையால் தடுத்து, சத்தம் போடாமல் எடுக்கும்படி சைகை காட்டினார்.